நாற்பத்தொரு பொய்

ரோஹிலாவிடம் யாரும் "முழங்கால் அளவு தண்ணீர்" என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. யாருடைய முழங்கால் என்று கேட்பாள். கோழிக்கடை சாரோனி ஆறடி. தையல்காரி யூயுன் நாலரை அடிக்கு ஒரு விரற்கடை குறைவு. இருவருக்கும் முழங்கால் இருக்கிறது. சாரோனிக்கு முழங்கால் என்றால் யூயுனுக்கு அது பாதித் தொடை. ஜகார்த்தா முழுவதும் வெள்ளத்தைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று உடம்பை வைத்துத்தான் அளக்கிறது. அதைக் கேட்டாலே ரோஹிலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். யூயுனின் அளவு நாடாவைப் பிடுங்கிக்கொண்டு போய், சந்துப் பள்ளிவாசலின் வெளிச்சுவரில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடாகப் பெயின்ட் அடித்து வைத்தது அவள்தான். நாடாவை இன்றுவரை திருப்பித் தரவில்லை.

சிலிவுங் ஆற்றங்கரையில் ராவா பெலிம்பிங் மூன்றாம் சந்து அவள் பிறந்த இடம். வயது நாற்பத்தெட்டு. விடிவதற்கு முன் தேங்காய்ப்பாலில் சோறு வேகவைத்து, வறுத்த சோயாக்கட்டி தெம்பேயும் மிளகாய்ச் சம்பலும் வைத்து இலையில் மடித்து விற்பாள். ஒன்பது மணிக்குள் பானை காலியாகிவிடும். அதற்குப் பிறகு அவள் சந்துத் தலைவி. நாற்பத்தொரு வீட்டுக்கும் பிறப்பு, இறப்பு, சண்டை, சாக்கடை எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. "பு எர்த்தே" என்று கூப்பிடுவார்கள்; பு என்றால் அம்மா, எர்த்தே என்றால் சந்துத் தலைமை. இரண்டு முறை ஆண்கள் அந்தப் பதவியில் இருந்து தூங்கிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை அவள் கையைத் தூக்கினாள். எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. அது மரியாதையா பயமா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய, அவளுடைய புருஷன் கதையைச் சொன்னால் போதும். ஜம்ஹாரி பாத்தாம் தீவில் கப்பல் பட்டறை வேலைக்கென்று போனான். இரண்டு வருடம் திரும்பவில்லை. அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் என்று சந்தே பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ரோஹிலா அழவில்லை. வீடு வீடாகப் போய், நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டாள். சாரோனி யூயுனைக் காட்டினான். யூயுன் பள்ளிவாசல் ஹாஜியின் மனைவியைக் காட்டினாள். ஹாஜியின் மனைவி மறுபடி சாரோனியைக் காட்டினாள். பார்த்தவர் ஒருவருமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிப் போய், பாத்தாமில் ஒரு கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணின் இடுப்பில் ஜம்ஹாரியின் காதுகளோடு ஒரு குழந்தை இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து, சந்து முனையில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"நீங்க சொன்னது நெசந்தான். ஆனா சொன்னப்போ அது நெசம்னு உங்க ஒருத்தருக்கும் தெரியாது."

இப்படிப்பட்டவள் கையில் ஒரு நாள் சந்தின் கைபேசிகளும் வந்து சேர்ந்தன. ஒன்பது வருடத்துக்கு முன், மேலே அணை உடைந்துவிட்டது என்று ஒரு செய்தி போனிலிருந்து போனுக்குப் பாய்ந்தது. நூறு பேர் ஒரே நேரத்தில் பாலத்துப் படிக்கட்டில் ஏறினார்கள். யூயுனின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மூன்று மாதம் கிடந்து போய்ச் சேர்ந்தார். அணை இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறது. அந்தச் செய்தியை அனுப்பியவன் யார் என்று ரோஹிலா ஒரு மாதம் தேடினாள். எல்லாரும் அனுப்பியிருந்தார்கள்.

அன்றிலிருந்து மூன்றாம் சந்தில் ஒரு சட்டம். வெள்ளம் வந்தால் சந்திலிருந்து ஒரே ஒரு செய்திதான் வெளியே போகும். ரோஹிலா தண்ணீரில் இறங்கிப் போய், சிவப்புக் கோட்டைப் பார்த்து, படம் பிடித்து, எழுதுவாள். எழுதியதைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் படிப்பாள். தப்பென்றால் யாரும் மறுக்கலாம். மறுப்பு இல்லையென்றால் நாற்பத்தொரு வீடும் அதை அப்படியே அனுப்ப வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. தான் பார்க்காததைத் தன் வார்த்தையில் சொல்வது பொய் என்பது அவள் கட்சி. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது. பக்கத்துச் சந்துகளில் வதந்தி கேட்டு அலறி ஓடியவர்களை மாடியில் நின்று வேடிக்கை பார்க்கும் சுகமும் சேர்ந்துகொண்டது.

போன வருடம் வெள்ள வரைபட அறையிலிருந்து ஆர்தியான் என்று ஒரு இளைஞன் பயிற்சி கொடுக்க வந்தான். மக்கள் போனில் அனுப்பும் தகவல்களை வைத்து நகரத்தின் வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். தகவல் நம்பகமானது என்றால் புள்ளி சிவப்பு. நம்ப முடியாது என்றால் சாம்பல். மீட்புப் படகுகள் சிவப்பைப் பார்த்துத்தான் போகும். "நீங்கதான் எங்க கண்ணு" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னான். ஆளுக்கொரு பலகாரப் பெட்டி கொடுத்தான். எது சிவப்பு, எது சாம்பல் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை. நேரில் பார்த்து எழுதினால் நம்பாமல் எங்கே போகிறார்கள் என்று ரோஹிலா நினைத்திருந்தாள்.

இந்தப் பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போகோர் மலையில் இரவெல்லாம் பெய்தது வந்து சேர்ந்தது. ஆறரை மணிக்குச் சந்து ஆறாகிவிட்டது. மூன்றாம் சந்துக்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. அரிசி, மெத்தை, கோழி, டிவி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து நூடுல்ஸ் கிண்டுவார்கள். அன்று அப்படி உட்கார முடியாமல் போனது வகிமானால்தான்.

பெரியவர் வகிமான் முப்பது வருடம் மூன்று சக்கர வண்டி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனையில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். போன வெள்ளிக்கிழமை சாலையெல்லாம் தண்ணீர் என்று போக முடியவில்லை. ஆக ஒரு வாரம் ஆகிவிட்டது. முகம் வீங்கிக் கண் இடுங்கிக் கிடந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் வேலை செய்து வாங்கினார். நண்பகலுக்குள் கொண்டு வந்துவிடுங்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லாததை மனைவி துமினி புரிந்துகொண்டாள்.

சாரோனியும் இன்னும் மூன்று பேரும் ஒரு கதவைக் கழற்றி, டயர் டியூப் கட்டி, அதன் மேல் வகிமானை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். சந்து முனையில் பெருஞ்சாலைத் தண்ணீர் ஆற்றை நோக்கித் திரும்பும் இடத்தில் சாரோனியின் காலே நிலைக்கவில்லை. கதவு ஒரு சுற்றுச் சுற்றியது. திரும்பி வந்துவிட்டார்கள். படகு இல்லாமல் ஆகாது.

ரோஹிலா கழுத்து வரை நனைந்து போய்ச் சுவர் கோட்டைப் பார்த்து எழுதினாள். "ராவா பெலிம்பிங், மூன்றாம் சந்து. காலை 7.10. தண்ணீர் 130 சென்டிமீட்டர். சந்து முனையில் நீரோட்டம் வேகம். சிறுநீரக நோயாளி ஒருவர் நண்பகலுக்குள் மருத்துவமனை சேர வேண்டும். மற்றவர்கள் மாடியில் பத்திரமாக இருக்கிறோம். ஒரு படகு தேவை." ஒலிபெருக்கியில் படித்தாள். மறுப்பு இல்லை. நாற்பத்தொரு போனிலிருந்தும் அதே செய்தி, அதே படம், பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. வரைபடத்தில் மூன்றாம் சந்து சாம்பலாகவே கிடந்தது. வடக்கே ஒரு பணக்காரக் குடியிருப்பு மட்டும் சிவப்பாகக் கொதித்தது. அங்கே வாசல் கேட்டருகே முதலை நீந்துகிறதாம். படம் இருந்தது. மூன்று படகு போயிருந்தது. சாரோனி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். போன வருடமும் அதே முதலை வேறொரு ஊர்ப் பெயரில் தன் போனுக்கு வந்தது என்றான். தேடி எடுத்தும் காட்டினான். அதே முதலை, அதே கேட், வாலுக்குப் பக்கத்தில் மிதந்த அதே நீல வாளி.

ரோஹிலாவுக்கு உச்சந்தலை கொதித்தது. வரைபட அறைக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்டபின் ஆர்தியான் எடுத்தான். அவனுக்கு அவளை ஞாபகம் இருந்தது.

"பு, உங்க சந்துலேருந்து நாப்பத்தொரு தகவல் வந்திருக்கு. எல்லாம் ஒரே வார்த்தை. ஒரே படம். எங்க விதிப்படி அது ஒரு ஆள் பண்ற வேலை."

"ஒரு ஆள்தான் தம்பி. நாந்தான். நான் தண்ணில நின்னு அளந்து எழுதினேன். மத்தவங்க பாக்காததை எப்படி எழுதுவாங்க?"

"அதான் சிக்கல். அவங்கவங்க வார்த்தையில, அவங்கவங்க படத்தோட அனுப்பியிருந்தா நம்பகம் ஏறும். இப்ப ஏறாது."

அவன் பொறுமையாகத்தான் விளக்கினான். காசு வாங்கிக்கொண்டு ஒரே வரியை ஆயிரம் பெயரில் போடும் கூலிக் கூட்டம் நாட்டில் உண்டு. தேர்தல் வந்தால் அவர்கள் தொல்லை தாங்காது. அவர்களை வடிகட்டத்தான் இந்த விதி. ஒரே மாதிரி வந்தால் இட்டுக்கட்டியது. வேறுவேறு மாதிரி வந்தால் சாட்சி. விதி தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விதியை எழுதியவன் மூன்றாம் சந்துக்கு வந்ததில்லை.

"முதலையை அனுப்பினவங்க வார்த்தைய மாத்தி மாத்திப் போட்டாங்களோ?" என்று கேட்டாள் ரோஹிலா.

"அது அறுபது பேர் தனித்தனியா அனுப்பினது, பு."

"அறுபது பேரும் பாத்தாங்களா?"

மறுமுனையில் ஆர்தியான் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. "அனுப்பினாங்க" என்றான்.

போனில் சொல்வதைத் தகவலாக ஏற்க முடியாது, குறித்து வைத்துக்கொள்கிறேன், பின்னால் முப்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று வைத்துவிட்டான். ரோஹிலா போனைச் சுவரில் அடிக்கக் கையை ஓங்கினாள். இன்னும் தேவைப்படும் என்று இறக்கினாள். ஒன்பது வருடம் ஒரு பொய் வெளியே போகாமல் நாற்பத்தொரு வாயைக் கட்டிக் காத்தவள். அந்தக் கட்டுப்பாட்டையே காரணமாகக் காட்டி, உன் பேச்சு செல்லாது என்கிறான் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன். முதலைக்கு மூன்று படகு.

பத்தரை மணிக்கு வகிமான் வீட்டு மாடி ஏறினாள். அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. துமினி பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். விசிறி நிற்கவில்லை. "வருதா பு எர்த்தே?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல ரோஹிலாவுக்கு வாய் வரவில்லை. வருகிறது என்றாள். அன்று அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

படியிறங்கிப் பள்ளிவாசலுக்கு நீந்தாத குறையாகப் போய் ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. காலைல அனுப்பினதை மறந்துடுங்க. இப்ப அவங்கவங்க வாயில வந்ததை அவங்கவங்க எழுதி அனுப்புங்க. எப்படி வேணா எழுதுங்க. தண்ணி எவ்வளவுன்னு இன்னிக்கு நான் கேக்க மாட்டேன்."

பள்ளிவாசல் மாடியில் உட்கார்ந்திருந்த ஹாஜி மஸ்துரி, பொய் சொல்லச் சொல்கிறாயா, அதுவும் இந்த இடத்திலிருந்து, என்று கேட்டார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் ஹாஜி. நாப்பத்தொரு பொய் சொல்லி ஒரு உசுரைக் காப்பாத்தக் கூடாதா? பாவம்னா என் கணக்குல எழுதிக்கட்டும்."

ஹாஜி தாடியைத் தடவினார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

ஒன்பது வருடப் பட்டினி உடைந்தது. மாடிக்கு மாடி கத்திக்கொண்டு எழுதினார்கள். சாரோனி தண்ணீரைக் கூரைவரை ஏற்றினான். ஐம்பத்தாறு வயது யூயுன் தனக்குப் பிரசவ வலி என்றும், இரட்டைப் பிள்ளை என்றும் எழுதினாள். ஹாஜி, பள்ளிவாசல் சாய்கிறது என்று எழுதினார். ஒருவன் பாம்பு விட்டான். முதலை வேண்டாம், அது பழசு என்று இன்னொருவன் சிரித்தான். ஆளுக்கொரு ஜன்னலிலிருந்து ஆளுக்கொரு கோணத்தில் படம் எடுத்தார்கள். எழுத்துப் பிழைகள் தாராளமாக விழுந்தன. கடைசியில் ரோஹிலாவின் முறை வந்தது. கட்டைவிரல் எழுத்துகளின் மேல் நின்றது. "அறுபது பேர் கூரை மேல் மாட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

பதினொன்று இருபதுக்கு மூன்றாம் சந்து சிவப்பாயிற்று. கால் மணி கழித்து ஒரு படகு வந்தது. அதன் பின்னால், பக்கவாட்டில் 7 என்று எழுதிய இன்னொன்று. முதல் படகுக்காரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூரைவரை தண்ணி எங்கே என்று கேட்டான். கூரையை அப்புறம் பார்க்கலாம், ஆளைத் தூக்கு என்றாள் ரோஹிலா. வகிமானை ஏற்றிக்கொண்டு அவன் போனான். பன்னிரண்டே காலுக்கு அவர் மருத்துவமனை சேர்ந்தார், பிழைத்தார்.

இரண்டாவது படகு போகவில்லை. கூரை மேல் இருக்கும் அறுபது பேரையும், இரட்டைப் பிள்ளைக்காரியையும் தேடிச் சந்தின் மேலும் கீழுமாகப் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால் திட்டு விழும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ரோஹிலாவும் திறக்கவில்லை. அவர்களும் கொஞ்சம் அலையட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் படகு வெறும் படகாகத் திரும்பியது.

தண்ணீர் வடிந்து, சேறு வழித்து, மெத்தைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஐந்தாம் நாள் ஆர்தியான் போன் செய்தான். அறைக்கு ஒருமுறை வர முடியுமா, ஒரு நல்ல செய்தி என்றான். அவனுக்கு நல்ல செய்தி. ரோஹிலாவுக்கோ திட்டுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம். மறுநாள் சேறு படிந்த அதே செருப்போடு போனாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

ஆர்தியான் அவளை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு சான்றிதழைக் கொடுத்தான். நம்பகமான குடிமக்கள் தகவலுக்கு முன்மாதிரிச் சந்து என்று அதில் போட்டிருந்தது. முதல் முறை தவறாக அனுப்பினாலும், விளக்கியவுடன் புரிந்துகொண்டு எவ்வளவு அழகாக அனுப்பிவிட்டீர்கள் என்றான். நாற்பத்தொரு தகவல், நாற்பத்தொரு விதம். இதை மற்ற சந்துகளுக்குப் பாடமாக வைக்கப் போகிறார்களாம். பெரிய திரையில் எல்லாம் வரிசையாக ஒளிர்ந்தன. யூயுனின் இரட்டைப் பிள்ளைகளுக்கு நேரே பச்சை டிக் இருந்தது.

"தம்பி, அத்தனையும் பொய்" என்றாள் ரோஹிலா.

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"இவளுக்கு அம்பத்தாறு வயசு. ரெட்டைப் பிள்ளை பெத்தாளான்னு வந்து பாத்தியா? பள்ளிவாசல் சாஞ்சிருக்கான்னு பாத்தியா? நாங்க நெசத்தைச் சொன்னப்போ குப்பைல போட்டே. கண்ட கண்ட பொய்யையெல்லாம் எழுதினோம், காகிதம் கொடுக்கிறே. அழி எல்லாத்தையும். என் கண் முன்னால அழி."

அழிக்க முடியாது, மேலே அறிக்கை போய்விட்டது, கோப்பு மூடியாயிற்று என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. அவளுக்கு அது போதவில்லை. அன்றைக்கு இவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் மாதிரி எத்தனை பேர் உண்மையைச் சொல்லி நாசமாய்ப் போனார்கள் என்று தெரிய வேண்டும் என்றாள். அவன் தயங்கினான். அவள் எழுந்து போகிற மாதிரித் தெரியவில்லை. சாம்பல் பட்டியலைத் திறந்தான்.

மேலே மூன்றாம் சந்தின் காலைச் செய்தி நாற்பத்தொரு முறை. அதன் கீழே ஒற்றைத் தகவல். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பூலோ செரே. நேரம் 10.52. "சுவர் விழுந்து மனைவியின் கால் மாட்டியிருக்கிறது. தண்ணீர் அவள் மார்பளவு. ஏறுகிறது. தயவுசெய்து வாருங்கள்." பக்கத்தில்: ஒரே தகவல், படம் இல்லை, உறுதியில்லை.

அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ரோஹிலாவுக்குக் கண்ணாடி இல்லை. படி என்றாள்.

ஆர்தியான் படித்தான். "பதினொண்ணு அஞ்சு. படகு ஏழு புறப்பட்டது. பதினொண்ணு இருபத்தொண்ணு. படகு ஏழு திருப்பி விடப்பட்டது."

"உறுதியில்லன்னு போட்டிருக்கே, படகு எப்படிப் போச்சு?"

"நாந்தான் அனுப்பினேன். விதிப்படி கூடாது. ஆனா படிச்சா பொய்யாத் தோணல, பு. ஒரு படகு சும்மா நின்னுச்சு. போய்ட்டு வரட்டும்னு விட்டேன்." அவன் திரையைப் பார்த்தே பேசினான். "அப்புறம் உங்க சந்து சிவப்பாயிடுச்சு. கூரை மேல அறுபது பேர். நான் என்ன பண்ண முடியும்?"

ரோஹிலா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தான். அடுத்த படகு எப்போது போனது என்று கேட்டாள். இரண்டு ஐம்பதுக்கு. அந்தப் பெண்? அவன் மேசை மேலிருந்த சான்றிதழை எடுத்து, திருப்பி, கவிழ்த்து வைத்தான்.

கொண்டுவந்திருந்த கோபமெல்லாம் நெஞ்சில் அப்படியே இருந்தது, ஆனால் அதை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. விதி எழுதியவனைத் திட்டினாள். முதலை அனுப்பியவர்களைத் திட்டினாள். ஒரே ஒரு முறை தன் புத்தியை நம்பிச் சரியாகச் செய்த இந்தப் பையனைத் திட்ட வாய் வரவில்லை. அந்த ஒரு சரியையும் புரட்டிப் போட்டது அவள் கட்டைவிரல். எனக்கு ஒரு படகு போதாதா, இரண்டாவது எதற்கு என்று பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வேறிடம் போனாள்.

மறுநாள் பாலத்தைக் கடந்து பூலோ செரேக்குப் போனாள். வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. இறந்தவளுக்காக ஓதும் ஏழாம் நாள் பாத்திஹா. ஆற்றோரம் பாதி இடிந்த சுவருக்கு முன்னால் பாய் விரித்து ஆண்கள் ஓதி முடித்து எழுந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரன் பெயர் முர்சலின்; தையல் மெஷின் பழுது பார்ப்பவன். ஐம்பது வயதிருக்கும். அவளையும் ஓதலுக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, சோற்றுப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னான். வாடிக்கையாளர்களின் பதினொரு மெஷின்கள் பரண் மேல் வரிசையாக இருந்தன. அக்கம்பக்கத்தார் முந்தின நாள் சாயங்காலமே வெளியேறிவிட்டார்களாம். அடுத்தவர் பொருளாச்சே, ஏற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று இவனும் மனைவியும் மட்டும் தங்கியிருக்கிறார்கள்.

ரோஹிலா சுற்றி வளைக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வகிமானைச் சொன்னாள். சாம்பலைச் சொன்னாள். கூரை மேல் இல்லாத அறுபது பேரையும், அவர்களைத் தேடி ஒரு மணி நேரம் சந்தில் சுற்றிய படகையும் சொன்னாள். ஜன்னல்களில் சிரித்ததையும் விடவில்லை. அந்தப் படகு உன் மனைவிக்கு வந்தது, நான் இழுத்துக்கொண்டேன் என்றாள். சொல்லி முடித்துவிட்டு, அவன் எழுந்து தன்னை அடிப்பான் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பாள்.

முர்சலின் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கிவிட்டுக் கேட்டான்.

"உங்க சந்துலேருந்து எத்தன அனுப்புனீங்க அக்கா?"

"நாப்பத்தொண்ணு."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். வலது உள்ளங்கையை விரித்து, அதில் எதையோ ஏந்திப் பிடிப்பது போல் வைத்துப் பார்த்தான்.

"நான் ஒண்ணுதான் அனுப்புனேன். இந்தக் கையில அவ தலையத் தாங்கிட்டிருந்தேன், இன்னொரு கையாலதான் எழுத முடிஞ்சுது. மறுபடி அனுப்பியிருக்கலாம். உண்மைதானே, ஒண்ணு போதும்னு நெனச்சேன்."